எழுந்து நிற்காமல் இருக்க ஒரு கதை

காபி வந்துவிட்டதென்றால் அடுத்து ஜெபசீலி வருவாள், ஜெபசீலி வந்தால் எழுந்து நில்லுங்க தாத்தா என்பாள், ஆகவே காபி ஆறுவதற்குள் ஒரு கதை தயாராகிவிட வேண்டும். கோயில் யானைக்குக் காய்ச்சல் வந்து நான் சைக்கிள் பம்பு பருமனில் ஊசி போட்ட கதை நேற்றோடு தீர்ந்தது. அதற்கு முன்னால் கயத்தாற்று எருமை. அந்த எருமை வயிற்றுவலி வந்தால் சொந்தக்காரனை எதிர்பார்க்காமல் தானே ரோட்டைக் கடந்து நான் வேலை பார்த்த கால்நடை மருந்தகத்துக்கு வந்து, ஆட்டுக்குப் பின்னால் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் நாக்கை நீட்டும். அதைச் சொன்னபோது என் கணுக்காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த ஜெபசீலி சிரித்துச் சிரித்துக் காலையே விட்டுவிட்டாள். நல்ல சிரிப்பு அந்தப் பிள்ளைக்கு, முகமூடிக்கு மேலே கண் இரண்டும் காணாமல் போய்விடும். அவள் சிரித்து முடிக்கும்போது எனக்கென்று வைத்திருந்த நேரமும் முடிந்திருக்கும், அடுத்த அறைக்குப் போக வேண்டும், நாளைக்குக் கண்டிப்பா நிக்கணும் தாத்தா என்று விரலை ஆட்டிவிட்டுப் போவாள். இந்த ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். வயசானவர்கள் என்ன கிருமியோடு வந்தாலும் சரி, எனக்கு நெஞ்சில் நிமோனியா, மூச்சு கொஞ்சம் நிதானத்துக்கு வந்ததுமே படுக்க விடுவதில்லை. கட்டிலில் உட்கார வை, காலை ஆட்டச் சொல், நிற்க வை, கக்கூஸ் வரைக்கும் நடத்து. அதற்குத்தான் ஜெபசீலி, பிசியோதெரபி படித்த பிள்ளை, நாசரேத்துப் பக்கம். இன்றைக்கு அவளுக்குக் கடம்பூர்க் கிணற்றுக் காளையைச் சொல்லலாம். கிணற்றில் விழுந்த காளைக் கதையில் ஒரு வசதி, வேண்டுமளவுக்குக் கிணற்றை ஆழமாக்கிக்கொள்ளலாம். காபி வாயில் வெந்நீராகத்தான் இருக்கிறது. காய்ச்சல் நாக்கைச் சுரண்டிக்கொண்டு போய்விட்டது. காளை விழுந்தது மத்தியானம் என்று வைத்துக்கொள்வோமா, வேண்டாம், காலையிலேயே விழட்டும், அப்போதுதான் இழுக்க நேரம் இருக்கும்.

பொய் என்று ஆவுடைத்தாய் சொல்லுவாள். என் வீட்டுக்காரி. அவளுக்குத் தெரியாத கதை என்னிடம் ஒன்றும் கிடையாது. ஆனால் இதெல்லாம் பொய்க்காகப் பிறந்த பொய் இல்லை, வேலைக்காகப் பிறந்தது. அரசாங்கக் கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக ஆயுசைக் கழித்தவன் நான். கன்று போட்ட பசு திடுதிப்பென்று விழுந்துவிடும், உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து எல்லாம் பாலில் இறங்கிப் போயிருக்கும், கழுத்து நரம்பில் கால்சியம் பாட்டிலை ஏற்ற வேண்டும். மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் இருதயம் நின்றுவிடும். டாக்டர் ஊசியைக் குத்திவிட்டு அடுத்த மாட்டைப் பார்க்கப் போயிருப்பார், பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன், எதிரே மாட்டுக்காரன் நிற்பான், அவன் பெண்டாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்பாள். இன்னும் கொஞ்சம் வேகமா விடுங்கய்யா, கண்ணு சொருகுதே என்று கெஞ்சுவார்கள். அவர்களை அந்தப் பாட்டில் காலியாகும் வரைக்கும் அசையாமல் நிறுத்தி வைக்க வேண்டும். வேதாந்தமா பேச முடியும்? எருமை வரிசையில் நின்றதைச் சொன்னேன். இப்படித்தான் என் கதையெல்லாம் ஒரு பாட்டில் நீளத்துக்கு வளர்ந்தது. கதை முடியவும் மாடு காதை ஆட்டவும் சரியாக இருக்கும். அந்தக் காதைத் தொட்டுப் பார்ப்பேன், சில்லிட்டுக் கிடந்தது சூடு பிடித்திருக்கும். பிறகு ஒரு ஏப்பம், ஒரு உதறல், முன்னங்காலை மடித்துப் பின்பக்கத்தைத் தூக்கும். மாடு எழும்பும்போது முதலில் பின்பக்கம்தான் எழும்பும். மனுசன் எப்படி எழும்புகிறான்? இத்தனை வருஷம் எழும்பியவனுக்கு அது தெரியவில்லை. முதலில் எது? முழங்காலா, இடுப்பா, கையா. தினமும் காலையில் யாரோ எழுப்பிவிட்ட மாதிரி எழுந்து போய்க்கொண்டிருந்திருக்கிறேன், பார்த்ததே இல்லை.

போர்வைக்குள் இரண்டு கால் கிடக்கிறது. என் கால்தான். வலது காலை ஆட்டு என்று சொன்னால் ஆட்டுகிறது, கொஞ்சம் யோசித்துவிட்டு ஆட்டுகிறது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. முன்பெல்லாம் நான் நினைப்பதற்கு முன்னாலேயே அது செருப்பை மாட்டியிருக்கும். இப்போது மேல் வீட்டுக்காரன் கீழ் வீட்டுக்காரனைக் கூப்பிட்டுப் பார்க்கிற மாதிரி, இருக்கீரா அண்ணாச்சி, இருக்கேன், சும்மாதான் கூப்பிட்டேன். தொடையைத் தொட்டுப் பார்த்தேன், தோல் தனியாகவும் உள்ளே இருப்பது தனியாகவும் நகர்கிறது. சதை எங்கே போனது? நான் இங்கேதானே படுத்திருக்கிறேன், யார் வந்து எடுத்துக்கொண்டு போனது? காய்ச்சல் எல்லாரையும் போல நெஞ்சில்தான் வந்தது, மூச்சு விட்டால் கிழிந்த துருத்தி மாதிரி சத்தம், கண்ணாடி அறையில் தனியாகப் போட்டு மூக்கில் குழாய் வைத்தார்கள், அந்தக் குழாயின் பிளாஸ்டிக் வாடை இன்னும் தொண்டையில் இருக்கிறது. நெஞ்சு சரியாகிவிட்டது என்கிறார் டாக்டர். சரிதான், நெஞ்சு சரி. பிறகு இந்த அறைக்கு மாற்றியபோது பக்கத்துக் கட்டிலில் பரமசிவம் இருந்தார், குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்தவர், அவருக்கும் நெஞ்சு சரியாகிவிட்டது என்றுதான் சொன்னார்கள். அவர் மகன்கள் தங்கமானவர்கள், அசையாதீங்கப்பா, நாங்க இருக்கோம்லா என்று சொல்லியே பார்த்துக்கொண்டார்கள், ஜெபசீலி வந்தால் அப்பா அசதியா இருக்காவ, நாளைக்கு வாங்க என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். சிரித்த முகமாகத்தான் டிஸ்சார்ஜ் ஆனார், ஸ்ட்ரெச்சரில். வாரேன் நல்லதம்பி அண்ணாச்சி என்று படுத்தபடியே கும்பிட்டார். லிஃப்டுக்குள் முதலில் அவர் கால்தான் போனது. வெள்ளைத் துணிக்கு வெளியே இரண்டு பாதம், துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக, மண்ணே மிதிக்காத பாதம். அதை நினைக்கக் கூடாது. கிணறு. கிணற்றில் காளை. கயிறு கட்ட ஒருத்தன் இறங்க வேண்டும், இறங்கியது நான்தான் என்று வைத்துக்கொள்வோம்.

அப்பா காபியைக் குடிக்கலையா என்றாள் கோமதி. மகள். சென்னையிலிருந்து வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து இந்த ஒடுங்கிய பெஞ்சில் கிடக்கிறாள். ஆத்தித் தாரேன், நீங்க கையைத் தூக்காதீங்க, டிரிப்ஸ் ஊசி நகந்துரும். அவள்தான் குடிக்க வைக்கிறாள், அவள்தான் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கிறாள், கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தத் தகரப் பாத்திரத்தை எடுத்து, வேண்டாம், அதையும் நினைக்கக் கூடாது. அவளிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாததுதான் சங்கடம். முந்தாநாள் நான் தூங்குகிறேன் என்று நினைத்து வராந்தாவில் நின்று தம்பியிடம் போனில் பேசினாள். நான் கண்ணை மூடியிருந்தால் தூங்குகிறேன் என்று என் வீட்டில் எல்லாரும் நம்புவார்கள், அந்த ஒரு பொய்யில் இதுவரை பிடிபட்டதில்லை. நயினாரு, அவுக நடமாட்டம் இல்லாம வீட்டுல வச்சுக்கிட முடியாது, அம்மைக்குக் கண்ணு தெரியல, அப்பாவுக்குக் கால் இல்ல, யாரு யாரைப் பாக்க? அப்பாவை நான் கூட்டிட்டுப் போயிருதேன், நீ அம்மையைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிட்டுப் போ, அம்மைகிட்டயும் சொல்லிட்டேன். என் வீட்டுல ரெண்டு பேருக்கு எங்க இடம், உன் வீட்டுலயும் இல்ல. கோயில்பட்டி வீட்டைப் பூட்டிருவோம். டாக்டர் வெள்ளிக்கிழமை ரவுண்ட்ஸ்ல பாத்துட்டுச் சொல்லுதேன்னாரு. தானா கக்கூஸுக்குப் போயிட்டு வந்தா வீட்டுக்கு அனுப்பலாமாம், இல்லைன்னா ஆள் வச்சுத்தான் பாக்கணுமாம். நியாயமாகத்தான் பேசினாள். அழுதுகொண்டேதான் பேசினாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஆவுடைத்தாய்க்குக் கண்ணில் நீர் அழுத்தம், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நிழல் தெரியும், நேரே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் ஆனால் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள், தெப்பக்குளம் வரைக்கும் போவோம், வழியில் தெரிவதெல்லாம் நான் சொல்ல வேண்டும். வளையல் கடை, புதுசாக ஒரு பரோட்டாக் கடை, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒட்டகம். ஒட்டகமா, கோயில்பட்டியிலா என்பாள். சர்க்கஸ் வந்திருக்கு என்பேன். சர்க்கஸ் எதுவும் வந்திருக்காது. அவளுக்கும் தெரியும். ஒட்டகம் என்ன செய்யுது என்பாள். கோயம்புத்தூரில் அவளை யார் கூட்டிப் போவார்கள்? மருமகள் நல்ல பெண், ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லுகிற பெண். இது ரோடு அத்தை, இது லாரி அத்தை என்று சொல்லுவாள். ஆவுடைத்தாய் ஒரு மாதத்தில் முழுக் குருடாகிவிடுவாள்.

எழுந்து நின்றுவிட்டால் தீர்ந்தது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கதை சொல்லுகிறேன். ஏனென்றால் நிற்காத வரைக்கும் நான் நிற்க முடியாதவன் இல்லை, நிற்காதவன், அவ்வளவுதான். நின்று பார்த்து முடியாமல் போனால் அப்புறம் எந்தக் கதை எடுபடும்? இப்போதைக்கு அந்தக் கால் நடந்தாலும் நடக்கும். பூட்டிய பெட்டிக்குள் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம், திறந்தால்தான் ஒன்று மட்டும் இருக்கும். இதே புத்தியைத்தான் நான் மாட்டுக்காரர்களிடம் திட்டித் தீர்த்தேன். ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு பசு விழுந்து கிடந்தது, போய்ப் பார்த்தால் சுற்றிலும் பச்சைப் புல், வாய்க்கு நேரே தண்ணி வாளி, மேலே சாக்குப் போர்வை, அந்த வீட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக் கீரையை உருவி உருவி ஊட்டுகிறாள். ஏம்மா, இது எந்திரிக்க ஒரு காரணம் மிச்சம் வச்சிருக்கியா நீ என்று கேட்டேன். ஒரே பக்கமாகப் படுத்தால் தன் பாரமே தன் காலைக் கொன்றுவிடும், அதனால் புரட்டிப் புரட்டிப் போட வேண்டும், மூன்று கம்பை முக்காலியாக நட்டு, வயிற்றுக்கடியில் சாக்கைக் கொடுத்துக் கயிற்றால் தூக்கி, கால் தரையைத் தொடுகிற மாதிரி நிறுத்த வேண்டும். தூக்கினவுடன் சில மாடு நான்கு காலையும் மடித்துக்கொண்டு ஊஞ்சலில் தொங்குகிற மாதிரி தொங்கும். கெட்டிக்கார மாடுதான் அப்படிச் செய்யும். அதற்குப் பயம். தரையில் ஊன்றினால் வலிக்குமோ, ஊன்றி விழுந்தால் என்ன ஆகும். கயிற்றைப் பிடித்திருக்கும் நாங்கள் கை ஓய்ந்து போவோம், அது கண்ணை உருட்டி எங்களைப் பார்க்கும். மாட்டுக்குக் கதை சொல்லத் தெரிந்திருந்தால் அந்த நேரம் பார்த்து ஒன்று ஆரம்பித்திருக்கும்.

என்ன தாத்தா, காபி ஆறிக் கெடக்கு. ஜெபசீலி. நீல உடுப்பு, கையில் அந்தக் கிளிப், விரலில் மாட்டினால் மூச்சுக்கு மார்க் போடும். வா தாயி, உனக்காகத்தான் காத்திருக்கேன், கடம்பூர்ல ஒரு காளை கிணத்துல விழுந்துச்சு தெரியுமா, சும்மா காளை இல்ல, ஜமீன் காளை. அவள் கிளிப்பை மாட்டினாள், கட்டிலை நிமிர்த்தினாள், போர்வையை விலக்கினாள், என் காலை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே தொங்கவிட்டாள், உம் சொல்லுங்க என்றாள். நான் கிணற்றை ஆழமாக்கினேன். கோமதிக்கா, மருந்துக் கடைச் சீட்டு நர்ஸம்மாகிட்ட இருக்கு, கூட்டம் சேர முன்ன போயி வாங்கிட்டு வந்துருங்க என்றாள். நீங்க இருந்தா தாத்தா செல்லம் கொஞ்சுவாவ. கோமதி என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், கீழ விழுந்துராம பாத்துக்கோங்க சிஸ்டர் என்றாள், போனாள். போகாதட்டி என்று சொல்ல வாய் வந்தது, காளை கிணற்றில் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. தாத்தா, கதை நல்லாருக்கு, எந்திரிச்சு நின்னுக்கிட்டே சொல்லுங்க. நின்னுக்கிட்டா? ஆமா, ஜமீன் காளையாச்சே, உக்காந்துக்கிட்டா சொல்லுவாங்க. குறும்பு பிடித்த பிள்ளை. வாக்கரை முன்னால் வைத்தாள், என் இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டினாள், மாட்டைத் தூக்குகிற சாக்கும் கயிறும் இல்லாத குறைதான். மூக்கு நுனி முழங்காலுக்கு முன்னால வரணும் தாத்தா, கும்பிடப் போற மாதிரி குனிங்க, அப்புறம் தள்ளுங்க. ஆக, மனுசன் எழும்ப முதலில் மூக்கு. உள்ளங்கால் தரையில் பட்டது. குளிர்ச்சி. லோஷன் போட்டுத் துடைத்த தரை, ஈரம் முழுக்கக் காயவில்லை, குளிர்ச்சி பாதத்தில் ஏறிக் கணுக்காலில் ஏறி அங்கேயே நின்றுவிட்டது, அதற்கு மேல் செய்தி போகவில்லை. கயிறு கட்ட ஒருத்தன் உள்ளே இறங்கணும், யாரும் முன்வரல, நான்தான், நான்தான். மூச்சு. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது, வார்த்தை அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. இறங்குனீங்களா என்றாள். அவள் கண் சிரிக்கவில்லை. என் கை வாக்கரைப் பிடித்திருந்தது, வாக்கர் கடகடவென்று தரையில் அடித்தது, அது நடுங்குகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். இறங்கல என்றேன். பயமாருக்கு தாயி. சொன்ன பிறகு அது என் குரல் மாதிரியே இல்லை. அவள் ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை. சரி என்றாள். பயம் இருக்கட்டும், அதையும் கூட்டிக்கிட்டே போவோம், கக்கூஸ் அந்தா இருக்கு. பட்டையைப் பிடித்து ஒரு இழுப்பு, நான் குனிந்தேன், தள்ளினேன், கட்டில் என்னைவிட்டுக் கீழே போனது.

இவ்வளவு உயரமாகவா இருந்தேன் நான்? ஜன்னலில் திருச்செந்தூர் ரோடு தெரிகிறது, படுத்திருக்கும்போது வெறும் வானம்தான் தெரிந்தது, பஸ்ஸெல்லாம் இவ்வளவு நாளும் கீழே ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வாக்கரை முன்னால் வை, ஒரு கால், மறு கால், நில், மூச்சு விடு. ஜெபசீலி பின்னால் பட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. எனக்கு நினைவு தெரிந்து ஒரு ஆளோடு பேசாமல் இவ்வளவு தூரம் போனதில்லை. கட்டிலிலிருந்து கக்கூஸ் கதவு வரைக்கும். நான்கு எட்டு இருக்குமா, வீட்டிலிருந்து தெப்பக்குளம் வரைக்கும் போகிற மாதிரி இருந்தது. பரமசிவத்தின் கட்டில் காலியாக, புது விரிப்பு, அதைத் தாண்டும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் தரையைப் பார்த்தேன், தரையில் என் பாதம் மட்டும் வந்துகொண்டிருந்தது, விரலில் அழுக்கு. உள்ளே பீங்கானில் உட்கார வைத்தாள். கதவைச் சாத்தாதீங்க, முடிஞ்சதும் கூப்பிடுங்க, நான் வராம எந்திரிக்கக் கூடாது என்றாள். முடிந்தது. அந்தத் தகரப் பாத்திரம் இல்லாமல், யாரும் பக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்காமல் முடிந்தது, அதைப் பற்றி எழுதத் தெரிந்தவன் எழுதலாம். கூப்பிட வாயெடுத்தேன், அதற்குள் எதிர் அறையில் யாருக்கோ மூச்சுத் திணறல், நர்ஸ் ஓடுகிற சத்தம், ஜெபசீலி, ஒரு கை குடு என்று ஒரு குரல். ஒரு நிமிஷம் தாத்தா, அப்படியே இருங்க என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள். அப்படியே இருந்தேன். ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இருக்கச் சொன்னால் இருக்கிற ஆள் இல்லை நான், ஆவுடைத்தாயைக் கேட்டால் சொல்லுவாள். சுவரில் ஒரு கம்பி பதித்திருக்கிறார்கள். பிடித்தேன். மூக்கு முழங்காலுக்கு முன்னால். தள்ளினேன். இடுப்பு கொஞ்சம் எழும்பியது, தொடை இரண்டும் வெடவெடவென்று உதறியது, கம்பியில் கை வழுக்கியது, தொப்பென்று திரும்ப உட்கார்ந்துவிட்டேன். பீங்கான் அதிர்ந்தது. இடுப்பெலும்பில் வலி. ஆக இதுதான். பெட்டியைத் திறந்தாயிற்று, உள்ளே இருப்பது இதுதான் என்று நினைத்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்க ஒரு கையை எடுத்தால் சாய்ந்துவிடுவேன் போலிருந்தது, துடைக்கவில்லை. எத்தனை நேரம் என்று தெரியாது. சொட்டு விழுந்துகொண்டிருந்தது. யாரும் வரவில்லை. பிறகு ஏனோ, காரணம் ஒன்றும் இல்லை, சும்மா இருக்கப் பிடிக்காமல்தான், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி கம்பியைப் பிடித்தேன். குனிந்தேன், நன்றாகவே குனிந்தேன், தரை முகத்துக்கு வந்துவிடும் போல. தள்ளினேன். எழும்பியது. பாதியில் நின்று யோசித்தது. இருக்கீரா அண்ணாச்சி என்றேன். வாய்விட்டுத்தான் சொன்னேன். நிமிர்ந்தது. சுவரும் நானும் நின்றோம்.

முதலில் வந்தது கோமதி, கையில் மருந்துப் பை. அப்பா என்று ஒரு சத்தம், பை கீழே. பின்னாலேயே ஜெபசீலி ஓடிவந்தாள். யாரு தூக்கிவிட்டா உங்களை? தரை கூட்டுற அக்காவா என்றாள் கோமதி. யாரும் தூக்கல என்றேன். சொல்லுங்கப்பா, அந்தக்காவுக்கு ஒரு நன்றி சொல்லணும்லா. நானாத்தான் எந்திரிச்சேன். கோமதி ஜெபசீலியைப் பார்த்தாள். ஜெபசீலி நல்ல பிள்ளை, பொய் சொல்லவில்லை, நான் பாக்கலக்கா, எதிர் ரூம்ல இருந்தேன் என்றாள். இரண்டு பேருமாகப் பிடித்து நடத்திக் கூட்டிவந்து கட்டிலில் உட்கார வைத்தார்கள். என் வாழ்நாளில் செய்த ஒரே பெரிய காரியம், பார்க்க ஒரு ஈ காக்கை கிடையாது. யானைக்கு ஊசி போட்டதை நம்பின ஜனங்கள் இதை நம்பவில்லை. சொல்லிப் பார்க்கலாம், விரித்துச் சொல்லலாம், சொட்டுகிற குழாய், வழுக்குகிற கம்பி, ஆனால் விரிக்க விரிக்க என் பழைய சரக்கு மாதிரியே ஆகிவிடும், அது எனக்கே தெரிந்தது, பேசாமல் இருந்தேன். அந்நேரம் போன் அடித்தது. அம்மைதான், டாக்டர் என்ன சொன்னாருன்னு கேக்கா, அவரு இன்னும் ரவுண்ட்ஸுக்கே வரல என்று கோமதி சத்தத்தை வெளியே வைத்துப் பிடித்தாள். இங்கருங்க என்றது ஆவுடைத்தாயின் குரல். என்ன செய்யுதிய? கக்கூஸுக்குப் போயிட்டு வந்தேன் என்றேன். யாரு கூட்டிட்டுப் போனா? போகும்போது இந்தப் பிள்ளை, எந்திரிச்சது நானா. எப்படி எந்திரிச்சிய? அவள் இப்படித்தான் கேட்பாள், ஒட்டகம் என்ன செய்யுது என்று கேட்கிற மாதிரி, கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். கம்பியப் பிடிச்சு என்றேன். மொதத் தரம் முடியல. பொத்துன்னு உக்காந்துட்டேன். அழுதுட்டேன் கொஞ்சம். ரெண்டாந்தரம் எந்திரிச்சேன். கோமதி கட்டிலின் கம்பியைப் பிடித்தாள். அப்புறம் என்றாள் ஆவுடைத்தாய். அப்புறம் ஒண்ணும் இல்ல, நின்னேன், அவ்வளவுதான். போனில் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். கோமதிகிட்டக் குடுங்க என்றாள். கோமதி கையில்தான் போன் இருந்தது, இருந்தும் காதில் வைத்துக்கொண்டாள், ஆனால் சத்தத்தை உள்ளே வைக்க மறந்துவிட்டாள், அதனால் எல்லாருக்கும் கேட்டது. ஏட்டி, உங்க அப்பா சொன்ன ஒரு கதையிலயாவது அவுக கீழ விழுந்து, அழுது பாத்திருக்கியா? இது நடந்ததுதான். உன் தம்பிகிட்டச் சொல்லிரு, நான் கோயம்புத்தூருக்குப் போகல, வீட்டைப் பூட்ட வேண்டாம், கக்கூஸ் சுவத்துல ஒரு கம்பி அடிக்க ஆள் பாக்கச் சொல்லு. கோமதி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சரிம்மா என்றாள். எவ்வளவு உயரத்துல அடிக்கணும்னு கேட்டுச் சொல்லுதேன் என்றாள். ஜெபசீலி ஒரு கையால் தன் இடுப்புக்குச் சற்றுக் கீழே அளவு காட்டினாள். நான் இன்னும் கொஞ்சம் கீழே என்று காட்டினேன்.